நீளமா, கனமா? – தாழ்சுருதிப் பேஸ் கித்தாரும் சுரமானி விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசையை விரும்பாத மனிதர் இல்லை. ஆனால் இசைக்கருவியை அறிவியல் கண்கொண்டு நோக்குவோர் மிகச் சிலரே. பாடலைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். அந்தப் பாடலுக்கு அடியில் நின்று அதனைத் தாங்குகின்ற தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டின் மாடத்தைப் புகழ்பவர்கள் கடைக்காலைப் புகழ்வதில்லை அல்லவா? இசை என்னும் மாளிகைக்குக் கடைக்கால் போன்றது பேஸ் கித்தார். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கருவியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதன் குரல் தெரியாமல் இருக்க முடியாது.

அந்தக் கடைக்காலை இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும் என்னும் வேட்கை மேலைநாட்டு இசைக்குழுக்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. அந்த அலை நம் கல்லூரி இளைஞர்களையும் தொட்டுவிட்டது. அலையோடு ஒரு வாதமும் கரை ஏறியிருக்கிறது. "மிகத் தாழ்ந்த சுருதிக்குப் போக வேண்டுமானால் தந்தி நீளமான கருவியைத்தான் வாங்க வேண்டும்" என்கிறது ஒரு கட்சி. "நீளம் எதற்கு? தடித்த தந்தியைப் பூட்டினால் போதும்" என்கிறது மறு கட்சி. இசைக்குழு நடத்தும் என் நண்பர்கள் இந்த வாதத்தில் தேநீர் ஆறிப்போவதையும் மறந்து மோதிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் இரு சாராருமே பாதி உண்மையைப் பேசுகிறார்கள் என்பதும், மீதிப் பாதி நம் செவியில் இருக்கிறது என்பதும் என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழே இறங்கிய கதை

1951ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். இதனைத்தான் 'ஸ்கேல் நீளம்' என்கிறார்கள். நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்தது 'ஈ' என்னும் சுரம், நொடிக்கு 41.2 அதிர்வுகள். 34 அங்குலம் என்பது அன்று முதல் இன்று வரை பெரும்பாலான பேஸ் கித்தார்களின் அளவாகிவிட்டது.

மனிதன் கிடைத்ததில் நிறைவு கொள்பவனா? 1975இல் ஆந்தனி ஜாக்சன் என்னும் கலைஞர் கார்ல் தாம்சன் என்ற கைவினைஞரிடம் ஆறு தந்திப் பேஸ் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதன் கடைசித் தந்தி 'பி', 30.87 அதிர்வுகள். அவரே பிற்காலத்தில் 36 அங்குல நீளக் கருவிக்கு மாறினார். ஐந்தாவது தந்தியாக 'பி'யைச் சேர்த்துக்கொள்வது பின்னர் எங்கும் வழக்கமாயிற்று.

அடுத்து நடந்தது சுவையானது. பேஸ் இறங்கியது போதாதென்று சாதாரணக் கித்தாரும் கீழே இறங்கத் தொடங்கியது. 1990இல் ஐபானெஸ் நிறுவனம் ஏழு தந்திக் கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994இல் 'கார்ன்' என்னும் குழு தன் முதல் இசைத்தொகுப்பில் ஏழாவது தந்தியை 'ஏ' வரை தளர்த்தியது. அக்குழுவின் பேஸ் கித்தாரும் 'பி'யிலிருந்து இறங்கி 27.5 அதிர்வுகள் கொண்ட 'ஏ'யைத் தொட்டது. பியானோவின் இடக்கோடிக் கட்டை தரும் சுரம் அதுதான். 2002இல் சுவீடன் நாட்டு 'மெஷுகா' குழு எட்டுத் தந்திக் கித்தாரைக் கையில் எடுத்தது. அதன் கடைசித் தந்தி 'எஃப்', 43.65 அதிர்வுகள். ஃபெண்டரின் பேஸ் கித்தாருக்கு உரிய 41.2க்கு அரைச்சுரம் மட்டுமே மேலே! குடியிருந்தவன் வீட்டுக்குள் விருந்தாளி வந்து அமர்ந்துகொண்டான். குடியிருந்தவன் எங்கே போவான்? இன்னும் கீழே ஓர் அறை தோண்டத்தானே வேண்டும்? இப்படித்தான் 23.12 அதிர்வுகள் கொண்ட 'எஃப் ஷார்ப்', 20.6 அதிர்வுகள் கொண்ட தாழ் 'ஈ' என்றெல்லாம் பேஸ் கித்தாருக்குப் புதுக் கடைக்கால்கள் பறிக்கப்பட்டன.

சுரமானி சொல்லும் கணக்கு

பிரெஞ்சு நாட்டுத் துறவி மெர்சென் 1636இல் வெளியிட்ட நூலில் தந்தியின் அதிர்வு விதிகளைத் தந்தார். நாம் ஆய்வுக்கூடத்தில் சுரமானிப் பெட்டியின் மேல் செய்து பார்ப்பது அவற்றைத்தான். அதிர்வெண் நீளத்துக்கு எதிர்விகிதம். இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதம். ஓரலகு நீளத்தின் நிறையினுடைய இருமடி மூலத்துக்கு எதிர்விகிதம். தேர்வுக்காக நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் இந்த மூன்று வரிகளுக்குள் மேற்கண்ட வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரே தந்தியை ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். 34 அங்குலக் கருவியில் 'பி' தந்தி வழக்கமாக 130 கனம் உடையது. (தந்தியின் கனத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கூறுவது மரபு, 130 என்றால் 0.130 அங்குல விட்டம்.) அது ஏறத்தாழ 16 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுக்கப்பட்டிருக்கும். அதே தந்தியைத் தாழ் 'ஈ' வரை தளர்த்தினால் அந்த விசை 7 கிலோவாகச் சுருங்கும். துணி உலர்த்தும் கொடி போல் தந்தி தொய்ந்து ஆடும். விரல் பட்டதும் மெட்டுகளில் மோதிச் சலசலக்கும். அழுத்தித் தீண்டினால் தொடக்கத்தில் சுரம் மேலேறிப் பிறகே கீழே வந்து நிலைக்கும்.

இதற்கு நீளக் கட்சியார் சொல்லும் மருந்து நீளம். சுரமும் தந்தியும் மாறாமல் நீளத்தை மட்டும் கூட்டினால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அப்படியானால் 34 அங்குலத்தை 35 ஆக்கினால் எவ்வளவு கூடும்? வெறும் 6 விழுக்காடு. 36 ஆக்கினால் 12 விழுக்காடு. 37 ஆக்கினால் 18 விழுக்காடு. ஓர் அரைச்சுரம் இறங்கும்போது இழக்கும் இழுவிசையும் ஏறத்தாழ 11 விழுக்காடுதான். ஆகவே இரண்டு அங்குல நீளம் கூட்டி நாம் வாங்குவது ஒரே ஓர் அரைச்சுரத்துக்கு உரிய விறைப்பு! நீளத்தை மட்டுமே நம்பி ஒரு ஸ்தாயி முழுவதும் இறங்க வேண்டுமானால் 68 அங்குலக் கித்தார் தேவைப்படும். அதனை வாசிக்க அகத்தியர் கையால் ஆகாது. கும்பகர்ணன் கை வேண்டும்.

நீளத்தின் எல்லையை உலகம் ஏற்கெனவே ஒருமுறை கண்டுவிட்டது. 1850ஆம் ஆண்டையொட்டிப் பாரிசு நகரத்து வயலின் கைவினைஞர் வியோம் 'ஆக்டோபாஸ்' என்னும் பெருங்கருவியைச் செய்தார். உயரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். தந்தியை மனிதக் கை எட்டி அழுத்த இயலாததால் நெம்புகோல்களும் மிதிகளும் வைக்க வேண்டியிருந்தது. அருமையான கருவிதான். ஆனால் இன்று அருங்காட்சியகத்திலும் உலகின் மிகச் சில இசையரங்குகளிலும் மட்டுமே அதனைக் காண முடிகிறது.

கனம் என்னும் கட்சி

எனில் கனக் கட்சியாரிடம் போவோம். அவர்கள் கணக்கு எளிது. ஒரே அமைப்புள்ள தந்திகளில் நிறை விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஆகவே அதிர்வெண் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் விட்டத்தைக் கூட்டினால் பழைய விறைப்பு அப்படியே கிடைக்கும். 34 அங்குலத்தில் 'ஏ'க்கு 146, 'எஃப் ஷார்ப்'புக்கு 174, தாழ் 'ஈ'க்கு 195. கணக்குச் சரி. 195 என்றால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன். விரலுக்கு அது விறைப்பாகவே இருக்கும்.

ஆனால் விரலுக்கு நிறைவு தருவது செவிக்கும் நிறைவு தருமா? இங்கேதான் கனக் கட்சியாரை நான் மறுக்கிறேன்.

பாடநூல் பேசும் தந்தி வளைவதற்குத் தடை காட்டாத இலட்சியத் தந்தி. அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று துல்லியமாக அடுக்கி நிற்கும். உண்மைத் தந்தியோ எஃகுக் கம்பி. தடிக்கத் தடிக்க அது தந்தியின் குணத்தை இழந்து கோலின் குணத்தைப் பெறுகிறது. அப்போது மேற்சுரங்கள் தமக்குரிய இடத்திலிருந்து மேல்நோக்கி விலகுகின்றன. மேலே செல்லச் செல்ல விலகலும் கூடுகிறது. உருக்குக் கோலைத் தட்டினால் 'ணங்' என்று கேட்கிறதே தவிர, அது எந்தச் சுரம் என்று பாடிக் காட்ட முடிகிறதா? தடித்த தந்தி அந்தக் கோலை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறது.

இதனைத் தவிர்க்கத்தான் மெல்லிய உள்கம்பியின் மேல் வேறொரு கம்பியைச் சுற்றும் உத்தியை 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டார்கள். சுற்றுக்கம்பி நிறையைத் தரும். வளைவுத் தடையைப் பெரிதாகக் கூட்டாது. ஆயினும் அந்த உத்திக்கும் எல்லை உண்டு. தடித்த தந்திகளில் சுற்றின் மேல் சுற்றாகக் கம்பி ஏறுகிறது, உள்கம்பியும் தடிக்கிறது, ஒலி மங்குகிறது.

பியானோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 274 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்டெயின்வே அரங்கப் பியானோவில் 27.5 அதிர்வு 'ஏ'க்கு உரிய தந்தி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் உடையது. வீட்டுக் கூடத்தில் நிற்கும் குட்டைப் பியானோவில் அதற்கு இடம் இல்லை. எனவே தந்தியைக் குறுக்கி, கனத்தைக் கூட்டுகிறார்கள். விளைவு? அதன் இடக்கோடிக் கட்டைகள் தெளிவற்றுத் 'தொம்' என்று ஒலிக்கும். பியானோ செய்வோர் தலைமுறை தலைமுறையாக அறிந்த இந்த உண்மையைக் கித்தார்க்காரர் மறுப்பது எப்படி?

செவி செய்யும் விந்தை

இனி, இரு கட்சியாரும் பேசாத பொருளுக்கு வருகிறேன். நம் செவி 20 அதிர்வுகளுக்குக் கீழே ஒலியைச் சுரமாக உணர்வதில்லை என்பது பள்ளிப் பாடம். அந்த எல்லையை நெருங்கும்போதே செவி மந்தமாகிவிடுகிறது. தாழ்ந்த ஒலி நடு ஒலியின் அளவுக்குக் கேட்க வேண்டுமானால் பன்மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் வரைபடமாகவே காட்டினர்.

அப்படியானால் தாழ் 'ஈ'யை நாம் கேட்பது எப்படி? அதன் மேற்சுரங்களைக் கேட்டு, அவற்றுக்கிடையே உள்ள சமமான இடைவெளியிலிருந்து அடிச்சுரத்தை மூளை ஊகித்துக்கொள்கிறது! பழைய கம்பித் தொலைபேசி 300 முதல் 3400 அதிர்வுகள் வரை உள்ள ஒலியை மட்டுமே கடத்திற்று. ஆண்குரலின் அடிச்சுரமோ நூறு, நூற்றிருபது அதிர்வுகள்தாம். ஆயினும் தொலைபேசியில் பேசிய தந்தையின் குரல் சிறு பிள்ளையின் குரலாகவா கேட்டது? இல்லை. வராத அடிச்சுரத்தை மூளை இட்டு நிரப்பிக்கொண்டது.

இதிலிருந்து என்ன பெறப்படுகிறது? சுருதி தாழத் தாழ, மேற்சுரங்களின் ஒழுங்குதான் உயிர்நிலை. அந்த இடைவெளிகள் சமமாக இருந்தால் சுரம் தெளியும். ஒழுங்கு குலைந்தால் மூளையின் ஊகம் தடுமாறும். சுரம் வெறும் இரைச்சலாகும். ஆகவே தாழ்சுருதிப் பேஸ் கித்தாரின் முதன்மைப் பகை தொய்வு அன்று, மேற்சுரங்களின் விலகலே.

இங்கேதான் நீளத்தின் உண்மையான பெருமை வெளிப்படுகிறது. வளைவுத் தடையால் நேரும் விலகல், உள்கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் படிக்கு நேர்விகிதம். இழுவிசைக்கும் நீளத்தின் இருமடிக்கும் எதிர்விகிதம். ஒரே தந்தியை ஒரே சுரத்தில் வைத்து நீளத்தைக் கூட்டினால் இழுவிசையும் நீளத்தின் இருமடியாகக் கூடுகிறது. ஆக, விலகல் நீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது! 34 அங்குலத்திலிருந்து 37க்குப் போனால் விறைப்பு 18 விழுக்காடுதான் கூடும். விலகலோ ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்துவிடும். நீளக் கட்சியார் வென்ற வழக்கு இது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தால் அன்று. அவர்கள் பெரும்பாலும் சொல்லாத காரணத்தால்.

இதனை ஏட்டோடு விட மனம் வரவில்லை. நண்பர் ஒருவர் கழற்றிப்போட்ட 105 கனமுள்ள பழைய பேஸ் தந்தியைப் பேராசிரியரின் இசைவோடு நம் துறைச் சுரமானியில் பூட்டினேன். 86 சென்டிமீட்டர் நீளத்தில் நாலரைக் கிலோ எடை தொங்கவிட்டபோது அது தாழ் 'ஈ'யை அடுத்து அதிர்ந்தது. அதிர்வைக் கண்ணால் காண முடிந்தது; காதால் சுரம் பிடிக்க முடியவில்லை. நீளத்தை ஒரு மீட்டராக்கி, அதே சுரம் கிடைக்க எடையை ஆறு கிலோவாக உயர்த்தினோம். உறுமல் ஒழுங்கு பெற்றது. உடனிருந்த இருவர் தங்கள் குரலுக்கு எட்டும் மேல் ஸ்தாயியில் அந்தச் சுரத்தை வாயால் பாடிக் காட்டினர். பெரிய ஆராய்ச்சி என்று இதனைச் சொல்லமாட்டேன். ஆயினும் விதி சொன்னதைக் கருவியும் சொன்னது.

தந்தியின் முனையும் முக்கியம்

தந்தியின் முனை எங்கே முடிகிறது என்பதும் சிறிய செய்தியன்று. நம் நாட்டுக்கே உரிய சான்று ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி.வி. இராமன், 1921–22இல் தம்பூர், வீணை ஆகியவற்றின் தந்திகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா என்பது மேலைநாட்டார் விதி. தம்பூரிலும் வீணையிலும் அவையும் எழுகின்றன. வளைந்த குதிரையின் மேல் தந்தி தழுவிக் கிடப்பதே அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார். முனையை மாற்றினால் ஒலியே மாறுகிறது.

பேஸ் கித்தாரில் நமக்கு வேண்டுவது இதற்கு நேர்மாறான ஒன்று. தந்தி ஒரு புள்ளியில் தெளிவாக முடிய வேண்டும். தடித்த தந்தி குதிரையின் மேல் சட்டென்று வளையாது; அதிரும் நீளம் எங்கே முடிகிறது என்பதே மங்கிவிடும். இதற்காகவே குதிரையருகே வெளிச்சுற்றுகளை நீக்கி மெலிவாக்கிய தந்திகளைச் செய்கிறார்கள். மிகத் தாழ்ந்த சுருதிக்கு இத்தகைய தந்தியே ஏற்றது என்பது என் துணிபு.

கை எட்டுமா? பெட்டி பாடுமா?

செவியின் பக்கம் மட்டும் பேசிக் கையை மறந்துவிடலாகாது. 34 அங்குலக் கருவியில் மேல்தாங்கிக்கும் முதல் மெட்டுக்கும் இடையே 48 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 37 அங்குலத்தில் ஏறத்தாழ 53. நான்கு மெட்டுகளின் மொத்தத் தொலைவு முன்னதில் 7 அங்குலம், பின்னதில் 7.6. எண்களில் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு, இரண்டு மணி நேரக் கச்சேரியில் மணிக்கட்டுக்குத் தெரியும். தவிர, நீளம் எல்லாத் தந்திகளுக்கும் தேவையில்லை. தாழ் தந்திக்கு நன்மை செய்யும் நீளம் உச்சத் தந்தியை அளவுக்கு மீறி விறைப்பாக்கும்.

இதற்கு அழகான விடை ஒன்று இருக்கிறது. மெட்டுகளை விசிறி மடிப்புப் போலச் சாய்த்துவிட்டால் தாழ் தந்திக்கு மிகுந்த நீளமும் உச்சத் தந்திக்குக் குறைந்த நீளமும் ஒரே கழுத்தில் கிடைக்கும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் 'ஆர்ஃபேரியன்' கருவியிலேயே மெட்டுகள் சாய்ந்திருந்தன. நம் காலத்தில் அமெரிக்கரான ரால்ஃப் நோவக் 1989இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கனடா நாட்டு டிங்வால் பேஸ் கித்தார்களில் தாழ் தந்தி 37 அங்குலம், உச்சத் தந்தி 34 அங்குலம் என்ற அமைப்புப் பெயர் பெற்றது. நீளத்துக்கும் கைக்கும் இடையே செய்துகொள்ளப்பட்ட நேர்மையான உடன்படிக்கை என்று இதனை நான் மதிக்கிறேன்.

அடுத்தது ஒலிபெருக்கிப் பெட்டி. தாழ் 'ஈ'யின் ஒலியலை காற்றில் 16 மீட்டருக்கு மேல் நீளமுடையது. மேடையில் நாம் காணும் பேஸ் பெட்டிகளில் பல 40, 50 அதிர்வுகளுக்குக் கீழே விரைந்து வலுவிழப்பவை. அந்த அடிச்சுரத்தை எழுப்பக் கூட்டும் மின்னாற்றல் பெரும்பாலும் கூம்பைக் குலுக்குவதிலேயே வீணாகும். கல்லூரி விழாவில் வாடகைக்கு வரும் பெட்டிகளில் தாழ் 'ஈ'யின் அடிச்சுரத்தை எதிர்பார்ப்பது, கிணற்று வாளியில் ஏரியை அளப்பது போன்றது. அங்கும் மேற்சுரங்களே நமக்குத் துணை.

"இவ்வளவு தொல்லை எதற்கு? சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கும் மின்னணுப் பெட்டி இருக்கிறதே!" என்பார் சிலர். நியாயமான கேள்வி. ஒற்றைச் சுரங்களை மெதுவாக வாசிப்பவர்க்கு அது போதும், குறைந்த செலவும்கூட. ஆனால் அந்தப் பெட்டி சுரத்தை அறிய முதலில் சில அதிர்வுகளைக் கேட்டாக வேண்டும். 41 அதிர்வுச் சுரத்தில் ஓர் அதிர்வுக்கே 24 மில்லிநொடி ஆகிறது. விரைந்த தாளத்தில் அந்தத் தாமதம் விரலுக்கும் ஒலிக்கும் இடையே ஒரு திரையாக நிற்கும். எனவே தந்திக்கு வேலை முடிந்துவிடவில்லை.

என் தீர்ப்பு

இனி என் முடிபைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலில், எந்தச் சுரம் வரை இறங்க வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 'ஏ' வரைதான் என்றால் புதுக் கருவியே வேண்டாம். கையிலுள்ள 34 அங்குலக் கருவியில் 140, 145 கனத் தந்தி போதும். மேல்தாங்கியின் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்தி, குதிரையைப் பின்தள்ளிச் சுருதி சேர்த்தால் வேலை முடிந்தது.

'எஃப் ஷார்ப்', தாழ் 'ஈ' என்று போகத்தான் வேண்டுமென்றால் நீளத்துக்கு முதலிடம் தாருங்கள். கை அனுமதிக்கும் மட்டும் நீளம். 37 அங்குலம் நல்ல எல்லை. 'குவேக்' என்னும் பேஸ் கித்தாரை 39.55 அங்குலத்திலும் செய்திருக்கிறார்கள். கை பெரியவர்கள் முயலலாம்.

தந்தியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். 37 அங்குலத்தில் பழைய விறைப்பைப் பெற 'எஃப் ஷார்ப்'புக்கு 160, தாழ் 'ஈ'க்கு 179 என்று கணக்குச் சொல்லும். நான் அதினும் ஒரு படி மெலிந்ததையே பரிந்துரைப்பேன். விறைப்புச் சற்றுக் குறையட்டும். அதற்கேற்ப மென்மையாகத் தீண்டப் பழகுவோம். உள்கம்பி மெலிந்து, குதிரையருகே சுற்று நீங்கிய தந்தி ஒழுங்கான மேற்சுரங்களைத் தரும். விரலின் பழக்கத்தைப் பத்து நாளில் மாற்றிவிடலாம். இயற்பியல் விதியை எந்நாளும் மாற்ற முடியாது. வாங்குமுன் அந்தத் தந்தி பிருடையின் துளையில் நுழையுமா, 37 அங்குலத்துக்கு எட்டும் நீளம் உடையதா என்று அளந்து பார்த்துக்கொள்ளவும்.

தாழ் 'ஈ'க்கும் கீழே? வேண்டாம் என்பதே என் விடை. 20 அதிர்வுகளுக்குக் கீழே அடிச்சுரம் சுரமாகக் கேட்பதில்லை, தந்தி கோலாகிறது, பெட்டி பாடுவதில்லை. "நான் உன்னினும் கீழே இறங்கினேன்" என்னும் பெருமை மட்டுமே மிஞ்சும். ஆழக் கிணறு தோண்டுவது தண்ணீருக்காகவே அன்றி ஆழத்துக்காக அன்று.

நண்பர்களே, ஒன்றை மறவாதீர்கள். ஒரு பேஸ் கித்தாரின் விலை நம்மில் பலர் வீட்டில் பல மாதக் கூலி. குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்களே இவ்வளாகத்தில் மிகுதி. இசை கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஏமாறுவதற்கு வசதி இல்லை. விளம்பரத்தில் மின்னும் எண்களை நம்பிக் கடன்பட்டு, பின்பு "சுரம் கேட்கவில்லையே" என்று கலங்குவது நம்மால் தாங்கக்கூடியதா? அந்தக் கலக்கத்தைத் தடுக்கும் கருவி நம்மிடம் இருக்கிறது. அது கடையில் விற்பதன்று. முதலாண்டுப் பாடநூலில் மூன்று வரிகளாக அச்சாகியிருக்கிறது.

படித்த விதி மதிப்பெண்ணோடு முடிந்துவிட்டால் அது கல்வி ஆகாது. ஒரு தந்தியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் கைகொடுக்குமானால் அதுவே கல்வி. நீளமா, கனமா என்று இனி யாரேனும் கேட்டால், "முதலில் செவி, அடுத்து நீளம், கடைசியில்தான் கனம்" என்று விடை சொல்வோம். சொல்வதோடு நில்லாமல், காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டும் காட்டுவோம்!